நாவல் மரத்துக் கொப்பு

நான் கோபக்காரன். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஷெல்டன் செத்ததற்கு மழையின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

ஷெல்டன் என் மனைவி ஜெனிஸ்டாவின் தம்பி. கட்டாரிலிருந்து லீவில் வந்தவன், மலைக்கு மேலே இருக்கும் குளத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். காலையிலேயே வானம் இருண்டு கிடந்தது.

"தம்பியப் பத்திரமா கூட்டிட்டு வந்துருங்க," என்றாள் ஜெனிஸ்டா.

"நான் என்ன, அவனத் தொலைச்சிட்டா வரப் போறேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு நாவல் மரம். உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு கொப்பு முறித்து அதில் தொங்கவிட வேண்டும். சிங்கள ஆட்கள் காட்டுத் தெய்வத்துக்கென்று செய்வது. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்களான நாங்களும் செய்வோம். எங்கள் தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. திரும்பி வருகிறவர் தன் கொப்பை எடுத்துப் போட்டுவிட வேண்டும். மரத்தில் கொப்பு இருந்தால் காட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஷெல்டன் தன் கொப்பைச் சும்மா செருகிவிட்டு நடந்தான். இறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

குளத்தங்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. இவனோ அக்கரைக்குப் போய் வீடியோ எடுக்க வேண்டும் என்றான்.

"மழை இறங்கிருச்சு. வா, போவோம்."

"பயமா இருந்தா நீங்க போங்க அத்தான். நான் குறுக்குப் பாதையில வந்துர்றேன்."

பயமா? எனக்கா? "எக்கேடாவது கெட்டுப் போ," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

வழியில் மழைக்கு ஒரு மணி நேரம் பாறையடியில் ஒதுங்கினேன். மூன்றரை மணிக்கு நாவல் மரத்துக்கு வந்தபோது அதில் ஒரே ஒரு கொப்பு, என்னுடையது. எனக்கு முன்பே இறங்கி, காத்திருக்காமல் வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். ஆத்திரத்தில் என் கொப்பைப் பிடுங்கி எறிந்தேன்.

வாசலில் ஜெனிஸ்டா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தம்பி எங்க?"

ஆட்களோடு திரும்பி ஏறினோம். மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்தது. மறுநாள்தான் அவனைக் கண்டோம். குளத்துக்குக் கீழே, கால் முறிந்து, பாறையில் சாய்ந்தபடி விறைத்திருந்தான். காற்று பறித்த அவன் கொப்பு மரத்தடியில் மழைத்தண்ணீர் ஓடும் கானில் கிடந்தது.

அடக்கம் முடிந்து நாகமுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மலையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறவர்.

"அன்னைக்கு நாலு மணிக்கு நான் அந்த மரத்தடியிலதான் நின்னேன் தம்பி. மேல யாரோ கூவுற மாதிரி ரெண்டு தரம் கேட்டுச்சு. மரத்தப் பாத்தேன், ஒரு கொப்பும் இல்ல. காத்துதான்னு நெனச்சு வந்துட்டேன்." அவர் அழுதார். "ஒன்னே ஒன்னு தொங்கியிருந்தாலும் ஏறியிருப்பேன்."

ஜெனிஸ்டா தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க கொப்பு எங்க போச்சு?"