பதில் எழுதாத டீச்சர்

டீச்சருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மணியடித்து வெகு நேரமாகியும் முன்பெஞ்சில் நாலைந்து பிள்ளைகள்தான். ஜன்னலுக்குப் போவாள், பாதையைப் பார்ப்பாள், திரும்பி வந்து கரும்பலகையைத் துடைப்பாள். ஒன்றும் எழுதாத பலகையை எத்தனை தடவைதான் துடைப்பது?

எல்லாம் அவளே தேடிக்கொண்ட வினை. அந்த ஒற்றை அறைதான் பள்ளிக்கூடம். அதன் மூலையிலிருந்த மரப்பெட்டிதான் தபாலாபீஸ். வண்டியில் வரும் பையை டீச்சர் பிரித்து, எந்தப் பக்கத்துக் கடிதமோ அந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவாள். பை வந்த நாளில் பாடம் நடந்த மாதிரிதான். கணக்கு நடுவே, "டீச்சர், எங்க மாமா எழுதலையா?" என்று ஒருத்தன் எழுந்து நிற்பான். சாயங்காலமானால் பெரியவர்கள் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுதிக் கொடுப்பதும் அவள்தான். இது பள்ளிக்கூடமா, சந்தையா என்று மேலிடத்துக்கு விடாமல் எழுதினாள். மேலிடமும் மனமிரங்கிச் சைக்கிளோடு ஒரு தபால்காரரை அனுப்பியது.

அவர் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கத் தொடங்கினார். வகுப்பு அமைதியானது. பிறகு கொஞ்சம் அதிகமாகவே அமைதியானது. மாதக் கடைசியில் கல்வி அதிகாரி வருவார். பெஞ்சு இப்படிக் காலியாகக் கிடந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான்.

பொறுக்கமாட்டாமல் சாயங்காலம் மேட்டுக் குடியிருப்புக்கு நடந்தாள். வகுப்பிலேயே சூட்டிகையான குருவியின் வீடு அங்கேதான். குருவி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பிள்ளையை ஏன் அனுப்பலை?"

"எதுக்கு டீச்சர் அனுப்பணும்?" என்றாள் குருவியின் அம்மா. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. "அவ அப்பா சுரங்கத்துலேருந்து போடுற லெட்டரை வாங்கிட்டு வரத்தான் அவ்வளவு தூரம் அனுப்பினேன். இப்போ லெட்டர் வாசலுக்கே வருது. படிச்சுக் காட்டவும் கத்துக்கிட்டா. போதாதா?"

"பதில் எழுதணுமே?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே!"

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இனிமே நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன். பிள்ளையை அனுப்புங்க, அவ எழுதட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேட்டிலிருந்து இறங்கினாள். ஊர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசியது. கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். குருவி மட்டும் வரவில்லை.

கடைசியில் ஒருநாள் அம்மாவே அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் சுரங்கத்திலிருந்து வந்த கடிதம். ஏன் பதில் இல்லை, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டிருந்தார் அவள் கணவர்.

"சோறு இறங்காது டீச்சர் அந்த மனுஷனுக்கு. இந்த ஒரு தடவை எழுதிடுங்க."

டீச்சரின் கை தானாகப் பேனாவுக்குப் போனது. எடுத்தும்விட்டாள். இவ்வளவு கல்நெஞ்சு தனக்கு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. பேனாவைக் குருவியிடம் நீட்டினாள்.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, குருவி தட்டுத் தடுமாறி எழுதினாள். டீச்சர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். ஒரு வழியாகத் தாள் அவள் கைக்கு வந்தது.

'நாங்கள் சுகம். பதில் போடாதது என் குற்றமில்லை. இந்த டீச்சருக்கு ஈவிரக்கம் கிடையாது.'

வலித்தது. நன்றாகவே வலித்தது. அதற்குக் கீழே, அம்மா சொல்லாத ஒரு வரி இருந்தது.

'அப்பா, இதை நானே எழுதினேன்.'

வெளியே சைக்கிள் மணி கேட்டது. டீச்சர் ஓர் எழுத்தையும் திருத்தாமல் கடிதத்தை மடித்து ஒட்டிக் குருவியின் கையில் கொடுத்தாள்.

"ஓடு, போயிடப் போறார்!"