மூன்றாவது நிறுத்தம்

தொப்பி போட்ட அந்த ஆள் ஸ்கோப்பை நாரைகளிடமிருந்து மெல்லத் திருப்பி, காலனிப் பக்கம் நிறுத்தினார்.

"அந்த வீடுங்களா? பச்சைச் சுவரு, பக்கத்துல தண்ணித் தொட்டி?" என்று கண்ணை எடுக்காமலே கேட்டார். "இன்னும் பறவை புடிக்கிறாங்களா?"

"இல்ல சார், இப்ப ரொம்ப மாறிட்டாங்க" என்று அன்றைய நடைக்கு வழிகாட்டியான ஸ்வாதி சிரித்த முகத்தோடு சொன்னாள்.

பிறகு அவர் மனைவி பார்த்தாள். அடுத்து மகள். மூன்று காலில் நிற்கும் பெரிய தொலைநோக்கி அது. நடு ஏரியில் நாரைக் குஞ்சு வாயைத் திறப்பதுகூட அதில் தெரியும். அப்படியென்றால் காலனியில் துணி காயப்போடுகிறவளின் முகமும் தெரியும். சிநேகாவின் அம்மா சந்திரம்மா அந்த நேரத்தில்தான் துணி காயப்போடுவாள்.

"ஒரு ஆன்ட்டி நிக்கிறாங்கப்பா" என்றாள் மகள். "நம்மளையே பாக்கிற மாதிரி இருக்கு."

அன்று சிநேகாவின் வேலை ஸ்கோப்பைப் பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொண்டு நின்றாள். காது மடல் இரண்டும் கொதித்தன.

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற சாலையில் உள்ளே திரும்பினால் நாரையேரிப் பறவைகள் சரணாலயம். ஏரிக்கு மேற்கே ஊர். கிழக்கே காலனி. சிநேகா காலனிப் பெண். விலங்கியலில் பட்டம் வாங்கி, மேற்படிப்பில் சேர்ந்திருந்தாள். சரணாலயத்தில் மாணவர்களைப் பயிற்சி வழிகாட்டிகளாக எடுக்கிறார்கள் என்று கல்லூரியில் சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். வகுப்பில் எழுந்து நின்று ஒரு சந்தேகம்கூடக் கேட்டறியாதவள். ஆனால் கூடுகளுக்குப் பக்கத்தில் யாரும் உரக்கப் பேசக் கூடாது, வழிகாட்டியும் தணிந்த குரலில்தான் பேச வேண்டும். தனக்கென்றே ஒரு வேலையை யாரோ யோசித்து வைத்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. பயிற்சி முடிவில் ஒரு தேர்வு நடை. அதில் தேறினால் சீசன் முழுக்க வழிகாட்டி. பிறந்ததிலிருந்து பார்த்த ஏரியை நான்கு பேருக்குக் காட்டிச் சொல்லலாம். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை வீட்டில்கூட அவள் சொன்னதில்லை.

நடைக்கு ஐந்து நிறுத்தங்கள். எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பயிற்சிப் பொறுப்பாளர் நரசிம்மன் எழுதிக் கொடுத்திருந்தார். அதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது நிறுத்தம் பார்வைக் கோபுரம். அங்கே சொல்ல வேண்டியது இது: "மேற்கே உள்ள ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. கிழக்கே தெரியும் காலனியைச் சேர்ந்தவர்கள் முன்பு கண்ணி வைத்துப் பறவைகளைப் பிடித்துத் தின்று வந்தார்கள். விழிப்புணர்வு ஊட்டிய பிறகு திருந்தினார்கள்."

கிழக்கே தெரியும் என்று சொன்னால் பார்க்கத்தானே செய்வார்கள். பக்கத்திலேயே ஸ்கோப் வேறு.

அன்று கூட்டம் கலைந்ததும் சிநேகா நரசிம்மனிடம் போனாள். உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குப்பை போடுகிறவர்களைத் தவிர வேறு யாரையும் அவர் திட்டி அவள் பார்த்ததில்லை.

"சார், மூணாவது நிறுத்தத்துல ஒரு வரி..."

"எந்த வரி?"

"காலனி வரி சார்."

"அதுல என்னம்மா? நடந்ததுதானே?"

"நடந்தது அது மட்டும் இல்ல சார்" என்றாள்.

"இதோ பாரு, வர்றவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான். வேட்டையாடினவன் திருந்தினான்னா கேக்கிறவனுக்கு ஒரு நம்பிக்கை. உன்னையே எடுத்துக்கோ. அங்கேருந்து வந்து இன்னைக்குப் பறவையைக் காப்பாத்துற இடத்துல நிக்கிற. உன் முறை வர்றப்போ அதையும் சேர்த்துச் சொல்லேன், கைதட்டுவாங்க. கூச்சப்படாதே."

சிநேகா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். ஏன் ஆட்டினோம் என்று தன் தலைமேலேயே ஆத்திரம் வந்தது. சைக்கிளை மிதிக்க மிதிக்கத்தான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஏரிக்கரை முழுக்க அவற்றைச் சொல்லிக்கொண்டே போனாள். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

சந்திரம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, நம்மாளுங்க கண்ணி வெச்சாங்களா?"

"வெச்சாங்க. இன்னா இப்போ?"

"நெசமாவா?"

"பசி வந்தா இன்னா பண்ணுவ, வாயில காத்து ஊதிகினு படுப்பியா? உங்க தாத்தன் கொக்கு, மடையான்னு புடிச்சிகினு வருவாரு. வந்ததும் வராததுமா ஊருலேர்ந்து ஆள் வரும். 'நாரை கீதா, வக்கா கீதா, எங்க வூட்ல விருந்தாளி'ன்னு. நல்லதா பாத்து அவுங்களுக்கு. மிச்சம்தான் நமக்கு." சந்திரம்மா செதிலை ஒரு இழுப்பு இழுத்தாள். "ஆரு கேட்டாங்க இத?"

"எங்க சார் எழுதி வெச்சிருக்காரு. காலனிக்காரங்க தின்னாங்கன்னு."

"வாங்கித் தின்னவங்கள எயுதலியா?"

"இல்ல."

"ஏரி காஞ்சி கெடக்க சொல்லோ நடுவுல திட்டு போட்டாங்களே, அந்த மண்ணு பூரா நாங்க சொமந்தது. நூறு நாள் வேலைல. கருவேலங்கன்னு நட்டதும் நாங்கதான். இன்னிக்கி உன் நாரைங்க அதுமேலதான் குந்திகினு குஞ்சு பொரிக்குது. அது கீதா அதுல?"

"அதுவும் இல்ல."

"அப்போ உங்க சாருக்கு ஒரு கண்ணுதான் போல." மீனை அலசிச் சட்டியில் போட்டவள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினாள். "தோ பாரு. மூஞ்சிய தூக்கிகினு போயி சண்டை வளத்த, அவ்ளோதான். ஒரு வார்த்தைக்கோசரம் வேலைய உட்டுட்டு வந்து நின்ன, ஒதைப்பேன். கொழம்பு வெக்கட்டா, வறுக்கட்டா?"

சிநேகா சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். சந்திரம்மா குழம்பு வைத்தாள்.

தேர்வு நடை அன்று சிநேகாவுக்கு வாய்த்தது கேளம்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக் கூட்டம். கழுத்தில் கேமரா, கையில் சிப்ஸ் பொட்டலம். நரசிம்மன் கடைசியில், மதிப்பெண் அட்டையோடு நடந்து வந்தார். ஸ்வாதிதான் ஸ்கோப் தூக்கி வந்தாள். முதல் இரண்டு நிறுத்தங்களும் நன்றாகவே போயின. பாம்புத்தாரா இறக்கையை விரித்து வெயிலில் காயவைப்பதை அவள் காட்டியபோது குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நரசிம்மன் முகம் மலர்ந்தது.

கோபுரத்தின் மேலே ஏறினார்கள். ஊரைப் பற்றிய வரியைச் சொன்னாள், வெடியைப் பற்றிச் சொன்னாள். பிறகு அந்த இடம் வந்தது. மனப்பாடமான வரி நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதைச் சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"முன்னாடி இங்க கண்ணி வெச்சுப் பறவை பிடிச்சாங்க. பிடிச்சவங்க கிழக்கே இருக்கிற காலனிக்காரங்க. எங்க தாத்தாவும் பிடிச்சார். வாங்கிச் சாப்பிட்டவங்க மேற்கே இருக்கிற ஊர்க்காரங்க. ரெண்டு பக்கமும் நிறுத்திட்டாங்க. ரெண்டு பக்கமும் தீபாவளிக்கு வெடிக்கிறதில்ல. காலனிச் சர்ச்சுல கிறிஸ்துமஸுக்கும் வெடிக்கிறதில்ல."

"சிநேகா" என்றார் நரசிம்மன், பின்னாலிருந்து.

"நீங்க பார்க்கிற கூடு எல்லாம் நடுவுல இருக்கிற திட்டுல, கருவேல மரத்துல இருக்கு. அந்தத் திட்டுக்கு மண் சுமந்தவங்க காலனிப் பொம்பளைங்க. எங்க அம்மாவும்தான்."

யாரும் கைதட்டவில்லை. கூலிங்கிளாஸை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஒருவர், "அப்போ நீங்க வேட்டைக்காரப் பரம்பரையா? பயந்துதான் பேசணும் போல!" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் ஸ்கோப்பைப் பிடித்துக் கிழக்கே திருப்பினார். "எந்த வீடு உங்க வீடு?"

சிநேகா ஸ்கோப்புக்கு முன்னால் போய் நின்று, உள்ளங்கையால் அதன் வாயை மூடினாள்.

"ஹலோ, ஒண்ணும் தெரியலயே."

"தெரியாது. இது பறவை பார்க்க வெச்சது சார்" என்றாள். "எங்க வூட்டப் பாக்கணும்னா வாசல் வழியா வாங்க. ஒளிஞ்சி நின்னு பாக்காதீங்க."

தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனாலும் கோபுரத்தில் எல்லோருக்கும் கேட்டது. கூலிங்கிளாஸ்காரர் ஸ்கோப்பை விட்டுவிட்டு, "நாங்க பொழுதுபோக வந்தோம்" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

நடை முடிந்ததும் டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் நரசிம்மன் அவளை நிறுத்தினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஊர்த் தலைவர் காதுக்கு இது போனா என்ன ஆகும்? அவங்க ஒத்துழைப்பு இல்லாம இந்தச் சரணாலயம் நடக்குமா?"

"காலனி ஒத்துழைப்பு வேணாமா சார்?"

அவர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மதியம் ஒரு கூட்டம் வருது. எழுதிக் கொடுத்தபடி சொல்லு. காலைல நடந்ததை நான் மறந்துடறேன், நீ தேறிட்டதாப் போடறேன். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல. நல்லா பேசுற பொண்ணு, கெடுத்துக்காதே."

ஸ்வாதி அவளைத் தேடிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். கல்பாக்கத்தில் அப்பாவுக்கு வேலை, குடியிருப்பில் வீடு. தயிர்சாதத்தில் பாதியை எப்போதும் சிநேகாவுக்கு எடுத்து வைப்பவள்.

"ஏய், ஒரே ஒரு வரிடி. சொல்லிட்டு மறந்துடு. நான் சொல்லல?"

"நீ சொன்னே. உங்க வீட்டை யாரும் திரும்பிப் பார்க்கல."

ஸ்வாதியின் முகம் சுருங்கிப்போனது. "நான் வேணும்னா சொன்னேன்?"

"வேணும்னு சொல்லலன்னு தெரியும். வேணும்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்" என்று சிநேகா முகத்தில் தண்ணீரை அறைந்து கழுவினாள். "ஒரே வரிதானே. நீங்க எல்லாம் அதை விட்டா என்ன?"

ஸ்வாதி டிபன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

மதியக் கூட்டம் மறைமலைநகர்க் கம்பெனி பஸ்ஸில் வந்தது. தொழிலாளிகள், குடும்பத்தோடு. வெயிலில் இரும்புப் படிகள் காலைச் சுட்டன. சிநேகா முன்னால் ஏறினாள். அம்மா உதைப்பேன் என்றது நினைவுக்கு வந்தது. உதைக்க மாட்டாள், ஆனால் பேசாமல் இருப்பாள். சீசன் முழுக்க இந்தப் படிகளில் ஏறி இறங்கப்போவதும், பெயர்கள் சொல்லப்போவதும் நினைவுக்கு வந்தன. நரசிம்மன் கோபுரத்தின் மூலையில், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் பார்த்ததும், சொல் என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார்.

அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"முன்னாடி இங்க கண்ணி வெச்சுப் பறவை பிடிச்சாங்க" என்று தொடங்கினாள். "பிடிச்சவங்க காலனிக்காரங்க. எங்க தாத்தாவும் பிடிச்சார். வாங்கிச் சாப்பிட்டவங்க ஊர்க்காரங்க." எதையும் விடாமல், காலையில் சொன்னதையே சொன்னாள். மண் சுமந்ததையும் சொன்னாள்.

நரசிம்மன் பேனாவை மூடினார். அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப்போனார். படிகளில் அவர் செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது.

அவ்வளவுதான். வேலை போனது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் கொஞ்சம்.

"இன்னாமா நின்னுட்ட?" குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஸ்கோப்பில் எட்டிப் பார்த்த ஒரு பெண் அவள் கையைத் தொட்டாள். "அந்தப் பறவைக்கு இன்னா ஆச்சி? வாய மூடவே மாட்டேங்குது."

சிநேகா ஸ்கோப்பைத் திட்டுப் பக்கம் நேராக நிறுத்தி, அந்தப் பெண்ணின் உயரத்துக்குத் தாழ்த்தினாள்.

"அதுக்கு ஒண்ணும் ஆகல அக்கா. நத்தை குத்தி நாரை அது. அலகு நடுவுல இடைவெளி விட்டேதான் இருக்கும். நத்தையை வழுக்காமப் பிடிக்கணும் இல்ல?"

குரல் இன்னும் ஆத்திரத்தில் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் குரலிலேயே நத்தையை அது எப்படித் திறக்கிறது என்று கடைசிவரை சொன்னாள். பிறகு, "வாங்க, இன்னும் ரெண்டு இடம் இருக்கு" என்று அவர்களை அழைத்துக்கொண்டு படியிறங்கினாள்.