பூச்சிக்கு விட்ட வரிசை

கீரைப் பாத்தியின் ஓரத்தில் அவள் நட்டிருந்த கடுகு வரிசையைப் பார்த்தாலே அவள் கணவருக்கு உடம்பு எரியும். இலையெல்லாம் ஓட்டை, தண்டெல்லாம் அசுவினிப் பூச்சி. அது பூச்சிக்கென்றே விட்டது, கடுகு இருக்கும்வரை அவை கீரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்று ஆயிரம் முறை சொல்லியாயிற்று. மனிதர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஒழுங்கு என்றால் உயிர். காதில் வாங்கினால்தானே!

அவளுக்கோ அந்த வரிசைதான் தைரியம். இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாக ஏழு மாத வயிற்றோடு மகள் வந்திருந்தாள். கடையில் வாங்கியது எதைக் கண்டாலும் பயம். "நம்ம கீரைக்கு மருந்து வாசனையே தெரியாதுடி, பயப்படாம சாப்பிடு" என்று சொல்லிச் சொல்லித்தான் அவளைத் தட்டில் கை வைக்கச் செய்திருந்தாள்.

இன்று காலை ஜலதோஷத்தில் மூக்கடைத்துக்கொண்டு, கைக்கு எட்டிய பக்கமாகக் கீரையைப் பறித்து வேகவைத்தாயிற்று. மதியம் தண்டுகளை எருக்குழியில் கொட்டப் போனபோதுதான் கடுகைப் பார்த்தாள்.

ஒரு பூச்சி இல்லை.

குனிந்து பார்த்தாள். மண்ணில் எள்ளைக் கொட்டினாற்போல் அசுவினி செத்துக் கிடந்தது. நடுவே, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டு ஒன்று, கால்கள் மேலே. பக்கத்துக் கீரையைத் திருப்பினாள். காலை அவசரத்தில் பனி என்று நினைத்த புள்ளிகள் வெள்ளையாகக் காய்ந்திருந்தன.

கணவர் பின்வாசலில் நின்றார், பாராட்டுக்குக் காத்திருப்பவர்போல. மாப்பிள்ளை நாளைக்கு வருகிறாராம், தோட்டம் பார்க்கும்படி இருக்க வேண்டாமா என்று நேற்று மாலை மருந்து வாங்கி அடித்தாராம்.

"கடுகுல மட்டும்தான் அடிச்சேன். காத்து கொஞ்சம் அந்தப் பக்கம் வீசுச்சு, அவ்வளவுதான்."

அவள் உள்ளே ஓடினாள்.

மகள் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் பயம் இல்லை.

"கீரை ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. உனக்குக்கூட வைக்காம சட்டியக் காலி பண்ணிட்டேன்."

அவள் பின்வாசல் பக்கம் திரும்பினாள். "அந்த மருந்து பாட்டில எடுத்துக்கிட்டு வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மகளின் விரல்கள் தட்டிலேயே நின்றன.

"எந்த மருந்தும்மா?"