முப்பத்திரண்டாம் நம்பர் தோட்டாவும் பன்னிரண்டு அங்குல ஜெல்லியும்

வெல்டா ப்ரூட்டுக்கு மார்ச் மாதம் வலது கட்டைவிரல் மூட்டில் ஆபரேஷன் நடந்தது. மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, கல்குவாரியில் மற்ற பதினோரு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கையிலிருந்த முப்பத்தெட்டாம் நம்பர் ரிவால்வர் மூன்றாவது குண்டு வெடித்ததும் தவளை மாதிரி எகிறிக் குதித்துச் சரளைக்கல்லில் போய் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெல்டாவுக்குத்தான் மானம் போயிற்று.

செவ்வாய்க்கிழமைப் பெண்கள் கிளப்பில் அவள் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். கணவன் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் இருபது நாள் வெளியூரில் கிடப்பவன். பக்கத்து வீடு இரண்டு மைல். ஷெரிஃபுக்குப் போன் போட்டால் கார் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும், அதுவும் மழை பெய்யாமல் இருந்தால். ஆகையால் கோட்டுப் பையில் ஒரு குட்டை மூக்கு ரிவால்வர் இல்லாமல் அவள் கோழிக் கூண்டைக்கூடத் திறக்கப் போவதில்லை. ஆனால் அதைவிடவும் அவளுக்குப் பெரிது அந்தச் செவ்வாய்க்கிழமை. வாரம் ஆறு நாளும் சுவரைப் பார்த்துப் பேசுகிறவளுக்கு, பன்னிரண்டு பேராக வரிசையில் நின்று சுட்டுவிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே காலித் தோட்டாக்களைப் பொறுக்குகிற அந்த இரண்டு மணி நேரம்தான் திருவிழா.

கிளப் தலைவி நொரீன் டாகெட் கீழே கிடந்த ரிவால்வரைப் பார்த்தாள். பிறகு வெல்டாவைப் பார்த்தாள்.

"வெல்டா, விதி தெரியுமில்ல? பையில வச்சுக்கற துப்பாக்கி முப்பத்தெட்டாம் நம்பருக்குக் கீழ இருக்கக் கூடாது. கைக்கு அடங்கலன்னா வரிசையில நிக்க முடியாது. லெமனேட் மேசைக்கு ஒரு ஆள் வேணும்தான்."

"லெமனேட் ஊத்தவா நான் இருபத்திரண்டு வருஷம் சந்தா கட்டினேன்?"

"கோச்சுக்காத. சின்னத் தோட்டாவுக்குத் துளைக்கிற பலம் பத்தாதுன்னு நான் சொல்லல, விதி சொல்லுது."

"விதிய எழுதினது யாரு?"

"நான்தான்," என்றாள் நொரீன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சின்ன நம்பர் தோட்டா ஒன்று, நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணியைத் துளைத்து, அதற்குப் பின்னால் உடம்புச் சதைக்குப் பதிலாக வைக்கிற சோதனை ஜெல்லியில் பன்னிரண்டு அங்குலமாவது போக வேண்டும். போனால் ஜூன் கடைசிச் சனிக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் விதியை மாற்றலாம். போகாவிட்டால் அடுத்த ஜூன் வரை லெமனேட்.

வெல்டா முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். நானூறு பிள்ளைகளுக்கு எந்த உருளைக்கிழங்கு தோதுப்படும் என்று பார்த்தவளுக்குத் துப்பாக்கி பார்ப்பது பெரிய காரியமா? குவாரிக்காரர் ஹாலிஸிடம் இரண்டு குட்டை மூக்கு ரிவால்வர்களை இரவல் வாங்கினாள். ஒன்று இருபத்திரண்டு, ஒன்று முப்பத்திரண்டு. இரண்டையும் ஒரு பை மாவு மாதிரி சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தாள். தோட்டாக்களைக் கழற்றிப் பக்கத்து அறையில் பூட்டிவிட்டு, வெற்று ரிவால்வரை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுதும் வீட்டு வேலை பார்த்தாள்.

நாத்தனார் ஆர்டித் வந்து பார்த்தபோது, அண்ணி அடுப்படியில் குனிந்து நிமிர்ந்து, பையைத் தட்டி, மறுபடி குனிந்துகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"குனிஞ்சா பையில புடைச்சுக்கிட்டுத் தெரியுதான்னு பாரு."

"தெரியுது. வேக வச்ச கோழிக்கால ஒளிச்சு வச்ச மாதிரி தெரியுது."

"இது?" முப்பத்திரண்டை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இது பரவாயில்ல. பழைய சாவிக்கொத்துன்னு சொல்லிக்கலாம்."

இருபத்திரண்டு இறகு மாதிரி இருந்தது, எட்டுத் தோட்டா கொண்டது. ஆனால் விசையை இழுப்பது தண்ணீர் நிறைந்த வாளியை ஒற்றை விரலால் தூக்குவது போல. நான்கு முறை இழுத்ததும் விரல் வேலைநிறுத்தம் செய்தது. முப்பத்திரண்டுக்கு ஆறு தோட்டாதான். ஆனால் விசை வெண்ணெய் வெட்டுகிற மாதிரி போயிற்று. பின்னாலிருக்கும் சுத்தியல் கொம்பை ஏற்கெனவே யாரோ அரத்தால் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். அதனால் பை நூலில் மாட்டவில்லை. வெல்டா அன்றிரவு அதைத் துணியால் துடைத்து வைத்தபோது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டாவிலும் இரண்டு வகை வாங்கினாள். மூக்கில் குழி விழுந்தது ஒன்று, மூக்கே இல்லாமல் மொட்டையாக வெட்டிவிட்டது ஒன்று. குழி மூக்கு உடம்பில் பட்டால் பூ மாதிரி விரியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. குட்டைக் குழாயிலிருந்து அவ்வளவு வேகம் வருமா என்பது வெல்டாவுக்குச் சந்தேகம். மொட்டை மூக்குக்குப் பெருமை பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. போகும், அவ்வளவுதான்.

சோதனை ஜெல்லி காய்ச்சுவது அவளுக்குக் கை வந்த கலை. ஒரு பங்கு ஜெலட்டின் தூள், ஒன்பது பங்கு தண்ணீர். கொதிக்க விட்டால் கெட்டது. பூசணம் பிடிக்காமலிருக்கப் பத்துச் சொட்டு லவங்கப்பட்டை எண்ணெய். பதினாறு அங்குல நீளத்தில் ஆழமான தட்டில் ஊற்றினாள். இனி ஒன்றரை நாள் நல்ல குளிரில் கிடக்க வேண்டும். அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் அந்தத் தட்டு நுழையவில்லை. கணவன் பிடித்துப் போட்ட மீன் எல்லா அடுக்கையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை ஹாலிஸைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சர்ச் நிலவறைச் சமையலறையின் பெரிய ஃப்ரிட்ஜில் வைத்தார்கள்.

அங்கேதான் வெல்டா தவறு செய்தாள். சனிக்கிழமை மத்தியானம் அதே நிலவறையில் சர்ச் விருந்து. ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பண்டம் கொண்டு வருவார்கள். அந்த ஊரில் பண்டம் என்றால் பாதிப்பேருக்கு ஜெல்லி சாலட்தான். பச்சை, சிவப்பு, மஞ்சள், உள்ளே காரட்டு, அன்னாசி, திராட்சை, கடவுளுக்கே வெளிச்சமான வேறு பலதும். அப்படிப்பட்ட ஊரில், சர்ச் ஃப்ரிட்ஜில், பெயர்ச்சீட்டு ஒட்டாமல், தேன் நிறத்தில் தளதளவென்று லவங்கப்பட்டை மணக்கிற ஜெல்லியை வைத்துவிட்டு ஒருத்தி நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை அவள் நிலவறைப் படிகளில் இறங்கும்போது கோழி வறுவல் தட்டு பாதி காலி. நொரீன் டாகெட் கையில் காகிதத் தட்டோடு வழியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வெல்டா, இந்த லவங்கப்பட்டை ஜெல்லி யாரு செஞ்சதுன்னு தெரியுமா? சர்க்கரை போட மறந்துட்டாங்க. ஆனா க்ரீமோட சாப்பிட்டா மோசமில்ல. ரெண்டாவது துண்டு இது."

வெல்டா அந்தத் துண்டைப் பார்த்தாள். மேலே மலை மாதிரி க்ரீம். அதற்கு மேல் செர்ரிப் பழம். அடியில் தேன் நிறம்.

வெல்டா சாப்பாட்டு மேசைக்கு ஓடினாள். ஆர்டித் சிரித்த முகத்தோடு கத்தியும் கையுமாக நின்றாள்.

"அண்ணி, நீங்க செஞ்சதுன்னு தட்டைப் பாத்ததுமே கண்டுபிடிச்சேன். அலங்காரம் பண்ண மறந்துட்டீங்கன்னு நானே க்ரீம் போட்டு—"

"ஆர்டித்! அது சுடுறதுக்கு!"

"சுடுறதுக்கா? ஜெல்லிய யாராச்சும் அடுப்புல வச்சுச் சுடுவாங்களா?"

"துப்பாக்கியால சுடுறதுக்குடீ!"

நிலவறையில் கரண்டிகள் நின்றன. நாற்பது பேர் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். நொரீன் மட்டும் நிதானமாக வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "விஷம் கிஷம் இல்லையே?"

"பள்ளிக்கூடத்துக்கு வாங்குற அதே ஜெலட்டின்தான்."

"அப்ப சரி," என்று மிச்சத்தையும் சாப்பிட்டாள்.

அதோடு மூலையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, அடக்கி வைத்திருந்த சிரிப்பு நிலவறை முழுக்க வெடித்தது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வெளியே போனார். வெல்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அளந்து பார்த்தாள். பதினாறு அங்குலத்தில் மிச்சம் ஒன்பது. புதிதாகக் காய்ச்ச ஒன்றரை நாள் வேண்டும். கூட்டமோ அன்றே மூன்று மணிக்கு.

"ஒன்பதுல பன்னிரண்டு எப்படிப் போகும்?" என்றாள் நொரீன். குரலில் வருத்தம்கூட இருந்தது. "விதி விதிதான், வெல்டா. அடுத்த ஜூன் பாத்துக்கலாம்."

ஆர்டித் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு நிமிஷம் மேசையையே பார்த்தாள். பிறகு ஏப்ரனை இறுக்கிக் கட்டினாள்.

"ஏன், இந்த மேசையில ஜெல்லிக்கா பஞ்சம்? மொத்தம் பதினோரு கிண்ணம் இருக்கு. பின்னால ஒட்டி வச்சா ஆகாதா? ஹாலிஸ் மாமா, சொல்லுங்க!"

ஹாலிஸ் தாடியைச் சொறிந்தார். "ஆகும். ஆனா அது சரியான பதத்துல இருக்கணும். ஏர்கன்ல ஒரு குண்டு போடுவோம். மூணுலருந்து மூணேமுக்கால் அங்குலத்துக்குள்ள நின்னா பதம் சரி. கூடுனாலும் குறைஞ்சாலும் செல்லாது."

நொரீன் யோசித்தாள். விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். ஜெல்லி ஒரே கட்டியாக இருக்க வேண்டும் என்று தான் எங்கேயும் எழுதவில்லை என்பதை அவளே கண்டுபிடித்து, அவளே வெறுப்போடு மூடினாள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் குவாரிக்கு அப்படி ஒரு ஊர்வலம் போயிற்று. மடியில் ஜெல்லி, டாஷ்போர்டில் ஜெல்லி, லாரிப் பெட்டியில் ஐஸ் மேல் ஜெல்லி. மண் மேட்டுக்கு முன்னால் மேசை போட்டு வரிசையாக வைத்தார்கள். ஹாலிஸ் ஏர்கன்னைத் தூக்கினார்.

பச்சை எலுமிச்சை ஜெல்லிக்குள், மழைக்குள் போவது போலக் குண்டு போய் மறுபக்கம் வந்தது. "என் ஜெல்லி மென்மையானது," என்று அதைச் செய்தவள் பெருமைப்பட்டுக்கொண்டாள். ஆரஞ்சு ஜெல்லி வெயிலில் உருகி உட்கார்ந்துவிட்டது. அன்னாசி போட்டது கட்டியே பிடித்திருக்கவில்லை. ஒன்று உடைய, ஒன்று ஒழுக, பெண்கள் ஒவ்வொன்றுக்கும் கை தட்டி ஊளையிட்டார்கள். பத்துக் கிண்ணம் தோற்றுவிட்டது. வெல்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினோராவது ஆர்டித்தினுடையது. முட்டைக்கோஸும் காரட்டுத் துருவலும் போட்டு ரொட்டி அச்சில் வார்த்த தக்காளி ஜெல்லி. விருந்தில் அதை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. அச்சிலிருந்து கவிழ்த்தபோது அது ஆடவில்லை. செங்கல் மாதிரி நின்றது.

ஏர்கன் டப்பென்றது. ஹாலிஸ் குச்சியை விட்டு அளந்தார். மறுபடி அளந்தார்.

"மூணேகால் அங்குலம். நான் காய்ச்சினாகூட இவ்வளவு சுத்தமா வராது."

நொரீன் அதை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆர்டித், இதை மனுசங்க திங்கறதுக்கா செய்யற?"

"ஒரு தடவை கார்ல வரும்போது உருகி சீட்டெல்லாம் கொட்டிருச்சு. அதுலருந்து மூணு மடங்கு தூள் போடுறேன்." ஆர்டித்துக்குக் கோபப்படுவதா, தலை நிமிர்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். "தின்னா தின்னுங்க, இல்லன்னா சுடுங்க!"

ஒன்பது அங்குலத்துக்குப் பின்னால் தக்காளியை இறுக்கி ஒட்டி, முன்னால் பழைய ஜீன்ஸின் கால் துணியை நான்காக மடித்துக் கட்டினார்கள். முதலில் இருபத்திரண்டு, குழி மூக்கு. ஹாலிஸ்தான் சுட்டார். ஏழு அங்குலத்தில் நின்றுவிட்டது. முப்பத்திரண்டு, குழி மூக்கு: ஜீன்ஸ் நூல் குழியை அடைத்துக்கொண்டு, பூவும் விரியாமல், பாதை கோணி, பக்கவாட்டில் வெளியேறி மண்ணில் புதைந்தது. "செல்லாது," என்றாள் நொரீன்.

கடைசி, முப்பத்திரண்டில் மொட்டை மூக்கு.

ஒரு வெடி. தேன் நிற ஜெல்லி பெருமூச்சு விட்டுக் குலுங்கி அடங்கியது. உள்ளே நேர்க்கோடு ஒன்று. ஒன்பதைத் தாண்டித் தக்காளிக்குள் போயிருந்தது. நொரீன் சட்டைக் கையை மடித்துவிட்டு, அளவுகோலோடு மணிக்கட்டு வரை சிவப்பில் கையை விட்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முட்டைக்கோஸ் துணுக்கு ஒட்டிய ஈயக்குண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நாலே கால்," என்றாள். "ஒன்பதும் நாலே காலும் பதின்மூணே கால்." நோட்டில் எழுதவும் செய்தாள்: சோதனை ஜெல்லி ஒன்பது அங்குலம், ஆர்டித்தின் சாலட் நாலே கால். கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் தக்காளி ரேகை விழுந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். நொரீனையும் சேர்த்துப் பதினோரு கை உயர்ந்தது. விதி மாறியது.

"ஆனா வெல்டா, துப்பாக்கி உன் கையில நிக்குதான்னு பாக்கணும். அஞ்சு குண்டு, ஏழு கஜம். இப்பவே."

வெல்டா கோட்டுக்கு வந்தாள். முப்பத்திரண்டை உயர்த்தினாள். நொரீனின் மணிக்கட்டில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த காரட்டுத் துருவல் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். தோள் குலுங்க ஆரம்பித்தது. ரிவால்வரைத் தாழ்த்தி மேசையில் வைத்தாள்.

"சிரிச்சுக்கிட்டே சுடக்கூடாது," என்றாள் நொரீன்.

"தெரியும்க்கா. ஒரு நிமிஷம்."

இரண்டாம் முறை எடுத்தாள். பின்னாலிருந்து ஆர்டித் மூக்கை உறிஞ்சினாள். மறுபடி மேசையில் வைத்தாள். மூன்றாம் முறை, வானத்தைப் பார்த்து ஆழமாக மூச்சு விட்டு, எடுத்து, சுட்டாள்.

ஐந்தும் சுட்டு முடிந்தபோது, அட்டையில் ஐந்து ஓட்டையும் ஒரு சாசர் அகலத்தில் கிடந்தன. வெல்டா அட்டையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் வலித்தது, ஆனால் ரிவால்வர் உள்ளங்கையில் கோழிக்குஞ்சு மாதிரி அடங்கி உட்கார்ந்திருந்தது.

நொரீன் திரும்பி வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னடீ மரம் மாதிரி நிக்கறீங்க? ஆளுக்கு அரை அடி தள்ளி நில்லுங்க. வெல்டாவுக்கு இடம் வேணும்ல!"