எங்க தண்ணி

பெரு நாட்டின் மலைமக்கள் பேசும் கெச்சுவா மொழியைக் கற்றுத்தரும் அந்தச் செயலியை யெனிதான் உருவாக்கியிருந்தாள். அதில் பேசும் குரலும் அவளுடையதே. தலைநகர் லிமாவில் பேருந்துக் கூட்டத்தில் நசுங்கிப் போகிற பிள்ளைகள்கூடக் காதில் அவள் குரலை மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

அதை இறக்கிவைக்க ஊர்க்கூட்டம் வந்து சேர்ந்தது. லிமாவிலேயே பிறந்து வளர்ந்த அவள் சித்தி மகன் மைக்கோல், அப்பா இறந்தபிறகு அம்மாவோடு யெனி இருக்கும் மலையூருக்கே வந்துவிட்டிருந்தான். சோளம் விதைக்கும் காலம். ஊர் உறுப்பினனாகச் சேர்த்துக்கொண்டால்தான் வாய்க்காலில் தண்ணீர் முறை கிடைக்கும். இல்லாவிட்டால் போட்ட விதை மண்ணிலேயே வெந்துபோகும். சேர வேண்டுமென்றால் கூட்டத்தில் எழுந்து நின்று கெச்சுவாவில் கேட்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த கெச்சுவா எல்லாம் யெனியின் செயலியில் கற்றதுதான்.

"பயப்படாத. என்கிட்டப் படிச்சவன் தோத்ததே இல்ல," என்றாள் யெனி.

"தோத்தா?"

"தோத்தா என்ன, வாளியில தூக்கி ஊத்து. உடம்பாவது இளைக்கும்."

கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்ததும் மைக்கோல் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தான். உச்சரிப்பு அப்படியே யெனிதான். மூச்சு வாங்கும் இடம்கூட அவளுடையது. கோகா இலை மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். மேல இருக்கறது எங்க ஏரி. அதுலேருந்து வர்றது எங்க தண்ணி. எங்க வாய்க்கால நல்லாப் பாத்துக்கணும்."

கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள்.

"உங்க தண்ணியா?" என்றாள் செராப்பியா. வாய்க்கால் சண்டையில் பேர் வாங்கியவள். "அப்ப நாங்க எதக் குடிக்கறது, தம்பி?"

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த மைக்கோல், இன்னும் சத்தமாக, "எங்க தண்ணி," என்றான்.

யெனிக்கு அப்போதுதான் உறைத்தது. லிமாப் பிள்ளைகள் பேசும் ஸ்பானிஷில் 'நொசோத்ரோஸ்' என்று ஒரே சொல். எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டாலும் அதுதான், வெளியே தள்ளினாலும் அதுதான். அதற்கு நேரே அவசரத்தில் 'ஞொகாய்கு' என்று பதிவு செய்துவிட்டுப் போயிருந்தாள். 'நாங்கள்'. 'நாம்' என்கிற 'ஞொகாஞ்சிக்' செயலியில் எங்கேயும் இல்லை. லிமாப் பிள்ளைகள் எல்லாரும் இத்தனை நாளும், அழகான உச்சரிப்போடு, எதிரில் இருப்பவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை.

"தப்பு என்னுது," என்று எழுந்தாள்.

"நீ உக்காரு. கேக்கறவன் அவன்," என்றார் தலைவர் ஃபோர்த்துனாத்தோ. பிறகு அவனிடம் திரும்பி, "தண்ணி உங்களுதுன்னா எங்ககிட்ட எதுக்குப்பா கேக்கற?" என்றார்.

இந்தக் கேள்வி மைக்கோலுக்குப் புரிந்தது. காது மடல் சிவந்துபோயிற்று. அவன் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான்.

"எங்க தண்ணி... இல்ல. என் தண்ணி, உங்க தண்ணி." செராப்பியாவைக் கை காட்டினான். "நானும் நீங்களும். நானும் தலைவரும். எல்லாரும், நானும். அந்தத் தண்ணி. அதுக்கு என்ன சொல்லுன்னு தெரியல. போன்ல இல்ல."

முதலில் சிரித்தது செராப்பியாதான்.

"நம்ம தண்ணி," என்றாள். "சொல்லு பாப்போம்."

"நம்ம தண்ணி."

"இன்னும் சத்தமா. தலைவருக்குக் காது மந்தம்."

"நம்ம தண்ணி!"

கூட்டமே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கமாக எல்லாரையும் முறைப்பது போலவே அவனையும் முறைத்தார்.

"நாளைக்கு விடிஞ்சதும் நம்ம வாய்க்கால்ல மண்ணு அள்ளணும். மண்வெட்டியோட வந்து சேரு," என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

மைக்கோல் மெல்ல யெனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அவர் 'நம்ம'ன்னாரே," என்று காதோரம் கேட்டான். "அதுல நானும் இருக்கேனா?"

"இருக்கடா," என்றாள் யெனி.