அய்யாவு செய்த அரச நண்டு

மைசூர் விஜயநகரின் புது வீடுகளுக்கெல்லாம் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்து கொடுத்த அய்யாவு, வாழ்நாளில் முதன்முறையாக இரும்பில் ஒரு நண்டைச் செய்தார். மகள் வைஷாலிக்காகத்தான். ஆழ்கடலில் அபூர்வமாகவே அகப்படும் அரச நண்டினம் ஒன்றை ஆராய்பவள் அவள். மறுநாள் காலை மைசூர்க் கல்லூரி ஒன்றில், அறிஞர்கள் நிறைந்த அவையில், அவளுடைய முதல் உரை. மேடைக்கு நாற்காலி தூக்கிய பரம்பரையிலிருந்து ஒரு பெண் மேடையேறிப் பேசப்போகிறாள். அவள் கொண்டுசெல்லும் பொருளில் குறை இருக்கலாமா?

அவள் கொடுத்த போட்டோவைப் பார்த்துக் கம்பிகளை முள்முள்ளாகப் பற்றவைத்து, செம்பழுப்பு வண்ணம் பூசி, மாலையில் பட்டறை மேசைமேல் வைத்தார். வைஷாலி சுற்றிச்சுற்றிப் பார்த்தாள், முகம் வாடியது.

“அப்பா, போட்டோல நடக்கிற காலு மூணு ஜோடிதானே? இதுல நாலு இருக்கே.”

“போட்டோல ரெண்டு ஒடிஞ்சிருக்குது கண்ணு. கொள்ளேகால் வயல்ல நான் புடிக்காத நண்டா? கொடுக்குப் போக எட்டுக் காலு. நொண்டி நண்டத் தூக்கிட்டுப் போனா நாலு பேரு சிரிப்பாங்க.”

“இதக் கொண்டுபோனாத்தான்ப்பா சிரிப்பாங்க. அரச நண்டுக்கு வெளிய தெரியறது ஆறுதான்.”

“உங்கப்பன் ஒரு தாழ்ப்பா கேட்டா ரெண்டு வைக்கிற ஆளு,” என்றாள் அவர் மனைவி மாரியம்மா.

அய்யாவு சிரிக்கவில்லை. மகளுக்கு வரவிருந்த அவமானத்தைத் தம் கையாலேயே பற்றவைத்துவிட்டோமே என்று அறுக்கும் மெஷினை எடுத்தார்.

“இருங்கப்பா.” வைஷாலி அவர் கையைப் பிடித்தாள். “எட்டுன்னு நீங்க சொன்னது தப்பில்ல. கடைசி ஜோடி சின்னதா ஓட்டுக்குள்ள மடங்கிக் கிடக்கும். அதாலதான் செவுளச் சுத்தம் பண்ணும்.”

நான்கு வீடுகளில் கூட்டித் துடைத்துவிட்டு வந்திருந்த மாரியம்மா நிமிர்ந்தாள். “கூட்டற காலுன்னு சொல்லு. அதையும் சேத்து எண்ணோணும்.”

நடப்பவரை எண்ணும் உலகம் துப்புரவு செய்பவரை எண்ணுவதில்லை. அன்று அந்தப் பட்டறையில் எண்ணினார்கள். அய்யாவு கடைசி ஜோடிக் கால்களை மட்டும் அறுத்து, சுண்டுவிரல் அளவுக்குச் சிறிதாக்கி, உள்ளே மடக்கி வைத்தார். முதுகோட்டைத் திறந்து மூட ஒரு கீல் பொருத்தினார்.

மறுநாள் மேடையில் வைஷாலி ஓட்டைத் திறந்ததும் முன்வரிசையே எழுந்து எட்டிப் பார்த்தது. செய்தவர் யாரென்று பேராசிரியர் ஒருவர் கன்னடத்தில் கேட்டார். வைஷாலி கடைசி வரிசையில் இருந்த அப்பாவைக் காட்டினாள்.

“எந்திரிங்க, புள்ள கூப்புடறா,” என்று மாரியம்மா விலாவில் இடித்தாள்.

அய்யாவு எழுந்தார். அவை முழுவதும் திரும்பிப் பார்த்தது. “கீலுக்கு எண்ணெ விட்டிருக்குதுங்க. சத்தம் வராது,” என்றார்.