பரமலிங்கத்தாரின் மோர்ச்சாடி

பரமலிங்கத்தாரின் மோருக்கு அந்த ருசி அவருடைய கையால் வந்தது என்று முத்தையன்கட்டில் எல்லாரும் சொல்லுவார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற சனம் வெயிலில் வாடி வந்து அவருடைய பந்தலில் நிற்கும். அவர் முழங்கை வரைக்கும் கையைச் சாடிக்குள் விட்டு, வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் மோருக்குள் பிசைந்து கரைப்பார். அகப்பையால் கலக்கினால் மிளகாய் சாரம் விடாது என்பது அவருடைய கட்சி. செம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்பதில் கடும் கண்டிப்பு. எச்சில் பட்டால் அம்மாளாச்சிக்கு ஆகாது என்பார்.

அது நேர்த்திக்கடன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே குடியேற்றத்தில் காணி எடுத்த புதிதில் டைபாய்டு எனும் நெருப்புக்காய்ச்சல் அவரைப் பாயோடு போட்டுவிட்டது. மனைவி ஜெகதீஸ்வரி வற்றாப்பளைத் திசையைப் பார்த்துக் கும்பிட்டபடி இருந்தாள். மனுசன் பிழைத்து எழும்பினார். உயிர் உள்ளவரை பொங்கலுக்கு வருகிற சனத்தின் தாகத்தைத் தன் கையால் தீர்ப்பதாக அம்மனுக்கு வாக்குக் கொடுத்தார்.

ஆனி பிறந்தால் குடியேற்றத்தில் இரண்டொரு வீட்டில் ஆட்கள் காய்ச்சலில் படுப்பார்கள். வெயில் என்பார்கள், அம்மனின் உக்கிரம் என்பார்கள். எண்பத்தோராம் ஆண்டு அது வீடு வீடாகப் பரவியது. பரமலிங்கத்தாரின் தங்கை மகள் விமலேஸ்வரியை ஆசுப்பத்திரியில் வைத்திருந்து, உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று கூட்டிவந்தார்கள். நீளமான தலைமயிர் அத்தனையும் கொட்டிப்போயிருந்தது.

பழி வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டிருந்த மலையகச் சனத்தின் மேல் விழுந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். அவர்கள்தான் தண்ணீரைக் கெடுக்கிறார்கள் என்று முன்னுக்கு நின்று சொன்னவர் பரமலிங்கத்தார். சுகாதாரப் பரிசோதகர் ராஜரத்தினம் வந்தபோது அவரைக் கையோடு அங்கே கூட்டிப்போனவரும் அவர்தான்.

அங்கே வீரம்மா என்கிறவள் தன் கொட்டில் வாசலில் தேத்தண்ணிக் கேத்திலோடு நின்றாள்.

"உங்கட ஆக்களில ஆருக்கும் காய்ச்சலோ?" என்று பரிசோதகர் கேட்டார்.

"இல்லீங்க சார். புள்ளைங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க."

"பொங்கலுக்குப் போகேக்க பந்தலில மோர் குடிச்சனீங்களோ?"

"எங்களுக்கு எதுக்குங்க மோரு? எந்த வெயில்லயும் சுடச்சுடத் தேத்தண்ணிதான். ஐயாமாரு பார்த்துச் சிரிப்பாங்க."

பரமலிங்கத்தார் உண்மையாகவே சிரித்துக்கொண்டுதான் நின்றார். பரிசோதகர் அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, மோர் ஆர் கரைச்சது?"

"நான்தான். வேற ஆரைக் கைவைக்க விடுவன்?"

"உங்களுக்கு எப்பவாவது நெருப்புக்காய்ச்சல் வந்ததோ?"

"வந்தது. அதாலதானே இந்த நேர்த்தியே."

பரிசோதகர் பையிலிருந்து மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டி, அதற்குள் என்ன வேண்டும் என்று காதோடு சொன்னார். பரமலிங்கத்தாரின் சிரிப்பு நின்றது. வீட்டில் ஜெகதீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊருக்கே மோர் குடுத்த மனுசன். இதைக் குடுக்க மட்டும் என்ன வெக்கம்?"

சோதனை முடிவோடு பரிசோதகர் வந்து கதிரையில் இருந்தார். "அண்ணை, உங்கட பழைய காய்ச்சல் சுகமாயிட்டுது. ஆனால் கிருமி போகேல்லை. நீங்கள் குளத்துக்குக் கீழ காணி எடுத்த மாதிரி அது உங்கட பித்தப்பைக்குள்ள காணி எடுத்திட்டுது."

"காணிக்குப் பேமிட்டும் எடுத்திட்டுதோ?" என்றாள் ஜெகதீஸ்வரி குசினிக்குள் இருந்து.

"எருமை மாதிரித் திரியிறன். எனக்கு ஏதும் நோய் வருத்தமோ?" என்றார் பரமலிங்கத்தார்.

"உங்களுக்கு ஒண்டும் செய்யாது. வெளிக்குப் போகேக்க அதோட வரும். கை கழுவினாலும் நகத்துக்குள்ள கொஞ்சம் ஒட்டியிருக்கும். அந்தக் கை மோருக்குள்ள போனால் சாடி முழுக்கப் பெருகும். குடிக்கிற ஆள் அண்ணாந்து குடிச்சென்ன, குனிஞ்சு குடிச்சென்ன? கொதிச்ச தண்ணியில மட்டும் அது செத்துப்போகும். காய்ச்சலில படுத்த வீடெல்லாம் உங்கட மோர் குடிச்ச வீடு; உந்த வாய்க்கால் கரைச் சனத்தைத் தேத்தண்ணிதான் காப்பாத்தினது."

பரமலிங்கத்தார் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "விமலேசுக்கு ரெண்டாம் செம்பும் நான்தான் ஊத்தினனான். வேண்டாம் மாமா எண்டவள்."

பின்னேரமே தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். விமலேஸ்வரி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு கேட்டாள். "பரவாயில்லை மாமா. அம்மாவுக்கு இனி எனக்குப் பேன் பார்க்கிற வேலை மிச்சம்." அவர் அழுதுவிட்டார்.

கிருமியைக் கொல்லும் மருந்துக் குளிசைகள் மாதக்கணக்கில் நடந்தன. அடுத்த வைகாசியும் நெருங்கியது. சாப்பாட்டுச் சாமானில் கை வைக்கக்கூடாது என்ற பரிசோதகரின் கட்டளை அப்படியே இருந்தது.

"கையால எண்டு அம்மாளாச்சிக்கு வாக்குக் குடுத்தனான். இந்த முறை பந்தல் இல்லை," என்றார்.

"கையால எண்டுதானே சொன்னீங்கள்? கொதிக்கிற தண்ணிக்கு விறகு வெட்டக் கோடாலி பிடிக்கிறது என்ன, காலோ?" என்றாள் ஜெகதீஸ்வரி.

 அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனார்.

"வீரம்மா, அண்டைக்கு உங்களைக் காட்டிக் குடுக்கத்தான் நான் வந்தனான்."

"தெரியுமுங்க ஐயா."

"பொங்கலுக்குப் பந்தலில தேத்தண்ணி ஊத்தவேணும். நீங்கள் வருவியளோ?"

வீரம்மா கேத்திலைக் கீழே வைத்தாள். "கோயிலுக்குப் போற சனம் எங்க கையால வாங்கிக் குடிப்பாங்களாங்க?"

"முதல் கிளாசை நான் குடிக்கிறன். பிறகு பாப்பம்."

பொங்கலன்று பந்தலில் சாடி இல்லை. மூன்று கல்லின் மேல் பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதித்தது. பரமலிங்கத்தார் காட்டிலிருந்து தானே வெட்டி வந்த பாலை விறகைப் பிளந்து அடுப்புக்குள் தள்ளினார். சொன்னபடி முதல் கிளாசை வாங்கிக் குடித்தார். அப்படியும் சனம் எட்ட நின்று, மோர் எங்கே என்று முணுமுணுத்தது. குருவிக்கூடு போல மயிர் முளைத்த தலையோடு விமலேஸ்வரி முன்னுக்கு வந்தாள்.

"வீரம்மாக்கா, எனக்குச் சீனி கூடப் போடுங்கோ."

அவள் ஊதி ஊதிக் குடித்ததைப் பார்த்து ஒரு கிழவர் கையை நீட்டினார். பிறகு கேத்தில் கீழே இறங்கவில்லை.

ஆனி பிறந்தது. பரமலிங்கத்தார் காலையும் மாலையும் குடியேற்றத்து ஒழுங்கைகளில் சைக்கிளில் மெல்லப் போய்வந்தார்.

"என்னப்பா, வேலி வேலியா எட்டிப் பாக்கிறியளாம். சனம் என்னட்டைக் கேக்குது," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவர் சைக்கிளை மாமரத்தில் சாத்தினார். விறகு வெட்டிக் காய்த்துப்போன கைகளைச் சவர்க்காரம் போட்டு நகம் வரைக்கும் கழுவினார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து இருந்தார்.

"ஒரு வீட்டிலயும் ஒருத்தரும் காய்ச்சலெண்டு படுக்கேல்லை," என்றார். "நீ சோத்தைப் போடு."